காற்றில்லாத பாத்திரத்தில் வைத்த பால்

அந்தோணி,

சேசுவுக்குப் புகழ். சுகமா என்று கேட்டு நீ போட்ட கடிதம் வந்தது. அதற்குப் பதில் எழுத இந்தக் காகிதத்தில் இடம் இருக்காது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் பள்ளிக்கூடத்து வராந்தாவில் இரண்டு வீட்டுக்காரர்களும் உட்காரப் போகிறோம். உன் மனைவி அமலி, ஏரியூரிலிருந்து அவள் அப்பாவோடு வந்து, எல்லாருக்கும் முன்னால் மண்டியிட்டு, என் அஜாக்கிரதையால்தான் குழந்தை செத்தது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நீ அவளைப் பெங்களூருக்குக் கூட்டிப் போவாய். சொல்லாவிட்டால் அவள் பிறந்த வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். இப்படி ஒரு நிபந்தனையை எடுத்துச் சொன்னவர் உன் பெரியப்பா. ஒத்துக்கொண்டவன் நீ. பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியவள் நான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் உனக்கு ஒன்று தெரிய வேண்டும். குழந்தை ரீத்தாவுக்கு ஆகாத பாலைப் பிளாஸ்க்கில் வைத்தவள் நான். காய்ச்ச வேண்டாம் என்று சொன்னவள் நான். ஆஸ்பத்திரியில் உன்னிடம் பொய் சொன்னவளும் நான்.

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். ஒன்பது மாதம் உள்ளேயே வைத்திருந்தது வெளியே வந்த பிறகு பார்த்தால் நாலு வரிதான் இருக்கிறது. நீ இதைப் படித்துவிட்டு, 'அம்மாவுக்கு வயசாகிவிட்டது, பேத்தி போன துக்கத்தில் பழியைத் தன்மேல் இழுத்துப் போட்டுக்கொள்கிறாள்' என்று மடித்துச் சட்டைப்பையில் வைப்பாய். உன்னை எனக்குத் தெரியும். ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். உனக்கு மட்டும் எழுதவும் இல்லை. இதே கடிதத்தை இன்னும் இரண்டு பிரதி எடுக்கிறேன். ஒன்று பெரியப்பாவுக்கு, இன்னொன்று அமலியின் அப்பாவுக்கு. அவருக்குப் படிக்கத் தெரியாது. ஊரில் யாரையாவது கூப்பிட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். ஏரியூர் முழுக்கக் கேட்கட்டும்.

அம்மா தப்புச் செய்வாள் என்று உனக்கு ஏன் தோன்றவே இல்லை என்பதற்கான காரணம் உன் வலது புறங்கையில் இருக்கிறது. யார் கேட்டாலும் பட்டாசு வெடித்த தழும்பு என்று சொல்லி வந்திருக்கிறாய். அமலியிடமும் அதையேதான் சொல்லியிருக்கிறாய். உன் அப்பா இறந்து இரண்டு வருஷம் இருக்கும், உனக்குப் பத்து வயது. நான் அஞ்சாவதோடு நின்றவள். நீ பள்ளிக்கூடம் போன பிறகு பகலில் உன் பழைய புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்து, சாயங்காலம் உனக்கே பாடம் சொல்லிக் கொடுத்தவள். அதில் எனக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. அன்றைக்கு, மேலே போகப் போகச் சூரியன் கிட்டே வரும், அதனால் சூடு ஏறும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீ, "அப்ப ஏற்காடு ஏம்மா குளிருது?" என்று கேட்டாய். கேட்டதோடு நிற்காமல் சிரித்துவிட்டாய். பக்கத்து வீட்டுக்காரியும் அங்கே இருந்தாள், அவளும் சிரித்தாள். அடுப்பில் கிடந்த கரண்டியை எடுத்து உன் கையில் வைத்தேன். எதிர்த்துப் பேசினதற்கு என்று சொல்லிக்கொண்டேதான் வைத்தேன். நீ சொன்னது சரி என்பது கரண்டியை எடுக்கும்போதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நான் சொன்ன எதையும் நீ மறுத்ததில்லை. நல்ல பிள்ளை, தாய் சொல்லைத் தட்டாத பிள்ளை என்று ஊரே சொன்னது. நானும் நம்பிவிட்டேன், நீயும் நம்பிவிட்டாய்.

இப்போது அந்தப் பிளாஸ்க் விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஈஸ்டருக்கு நீ மொரப்பூரில் ரயில் இறங்கி வரும்போது வாங்கி வந்தாயே, சிவப்பு மூடி போட்டது. ரீத்தாவுக்கு அப்போது ஆறு மாதம். அமலிக்கு அம்மை போட்டுத் தாய்ப்பால் வற்றி, பசும்பாலில் தண்ணீர் கலந்து சங்கில் புகட்டிக்கொண்டிருந்தோம். நீ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, மேலே வானத்துக்குப் போகிற செயற்கைக்கோளைச் சோதிக்கிற உன் வேலையைப் பற்றி அமலிக்குச் சொன்னாய். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெய்ச் சத்தத்தில் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை.

"மேல குளிருங்களா, சூடுங்களா?" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

"ரெண்டும் இல்ல. அங்க காத்தே இல்லயே. காத்து இருந்தாத்தான இது குளிருன்னு மேல படும்? வெயில் படற பக்கம் நூறு டிகிரிக்கு மேல ஏறிடும். நெழல் பக்கம் ஐஸுக்கும் கீழ எங்கியோ போயிடும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு தகடு கனந்தான். ஒரே பெட்டி, இந்தப் பக்கம் வேவும், அந்தப் பக்கம் வெறைக்கும்."

"அய்யோ. அதுக்குள்ள மனுசன் விழுந்தா அப்பிடியே கல்லாட்டம் வெறைச்சுப் போயிடுவானுங்களா?"

"அப்பிடித்தான் எல்லாரும் நெனைக்கறாங்க. மூச்சு முட்டிச் சாவான், அது வேற. ஆனா ஒடம்பு சீக்கிரம் குளிராது. இங்கன்னா காத்து வந்து சூட்ட வாங்கிட்டுப் போவும், தண்ணி வாங்கிட்டுப் போவும். அங்க வாங்கிக்க ஆளில்ல. நம்ம ரோட்டோரம் செங்கச் சூளை எரியுதில்ல, அதுக்கு எதிர்ல நின்னா மொகம் மட்டும் காயுமே, காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும்? அந்த மாதிரி வீசித்தான் சூடு வெளிய போவணும். கொஞ்சங்கொஞ்சமாப் போவும்."

அவள் மறுபடியும் கேட்டாள். "அப்ப அந்தப் பெட்டிக்குள்ள மெஷினு ஓடுமில்லீங்க, அது சூடாவுமில்ல? அந்தச் சூடு எங்கங்க போவும்?"

நீ சத்தமாகச் சிரித்து, "அம்மா, கேட்டியா உம் மருமவ கேக்கறத! எங்க இஞ்சினியரு கேக்கற கேள்வி. எங்கியும் போவாது, புள்ள. உள்ளியே கெடந்து பெட்டிய வேவ வெச்சிரும். அத வெளிய தள்ளறதுதான் எங்க பொழப்பே" என்றாய். பெரிய தொட்டியில் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, சூரியனுக்குப் பதில் விளக்குகளைப் போட்டு, சுவருக்குள் உறைகிற குளிரை ஓடவிட்டு, ஒரு செயற்கைக்கோளை வாரக்கணக்கில் வறுத்தும் விறைக்க வைத்தும் பார்ப்பீர்கள் என்றாய். அப்புறம் பிளாஸ்க்கை எடுத்துக் காட்டி, இதற்கும் இரண்டு கண்ணாடிச் சுவர் என்று என்னமோ சொன்னாய். வடை கருகுகிறது என்று நான் திரும்பிவிட்டேன். "மறுபடி சொல்லட்டுமாம்மா?" என்று கேட்டாய். "எனக்குத் தெரியும்டா" என்றேன். எனக்குத் தெரியாது. மருமகளைப் பார்த்து நீ இஞ்சினியர் என்று சொன்னாய் பார், அந்தச் சொல் உன் வாயிலிருந்து எனக்கு ஒருநாளும் வந்ததில்லை. ஆறு வருஷம் உன் புத்தகத்தைப் படித்தவள் நான். எட்டாவது படித்தவள் ஒரு கேள்வியில் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வயிறு எரிந்தது. குழந்தை செத்ததற்கு ஆரம்பம் எங்கே என்று கேட்டால் இங்கேதான். மற்றதெல்லாம் பாலும் வெயிலும் செய்த வேலை.

நான் புரிந்துகொண்டது என்னவென்றால், பால் ஊற்றுகிற இடத்தில்தான் காற்று இல்லை என்று. ஊறுகாய் ஜாடியில் எண்ணெய் மிதக்க ஊற்றி, காற்றுப் படாமல் வைத்தால் வருஷம் முழுக்கக் கெடாமல் இருக்கிறதே, அந்தக் கணக்கு. காற்றில்லாத பாத்திரத்தில் எதுவும் கெடாது, காலையில் ஊற்றினால் ராத்திரி வரைக்கும் காலைப் பால்தான் என்று நானே தீர்மானம் பண்ணிக்கொண்டேன். மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே போகுமே என்றுகூடத் தோன்றவில்லை. அமலி அதுவரைக்கும் ஒவ்வொரு தடவையும் பாலைக் காய்ச்சிப் பொறுக்கும் சூட்டில் ஆற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அதை நான் நிறுத்தினேன். முதல் சில வாரம் ஒன்றும் ஆகவில்லை, காலைப் பால் மதியத்துக்குள் தீர்ந்துவிடும். அந்தப் புதன்கிழமை பால் ஊற்றுகிற வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போவதால் சாயங்காலம் வர மாட்டோம் என்று காலையிலேயே இரண்டு பங்கு ஊற்றிவிட்டார்கள். மே மாதம். கோழிகூட வாயைத் திறந்துகொண்டு நிற்கிற வெயில். ஆறு மணிக்குக் காய்ச்சிப் பிளாஸ்க்கில் ஊற்றினேன். ஒன்பதுக்கு, பன்னிரண்டுக்கு, இரண்டுக்கு என்று திறந்து திறந்து ஊற்றிக் கொடுத்தோம். நாலு மணிக்கு அது கைக்கு இதமாக இருந்தது. கொதிக்கவும் இல்லை, ஆறவும் இல்லை. கிருமிக்கு அதைவிட நல்ல வீடு வேறு எதுவும் கிடையாது என்று இப்போது தெரிகிறது. சூடு வெளியே போகாமல் பிடித்து வைக்கிற பாத்திரம், அந்த வெதுவெதுப்பை மணிக்கணக்கில் பத்திரமாக வைத்திருந்தது.

அமலி சங்கில் ஊற்றியவள் நின்றாள். "அத்த, காலைப் பாலுதானுங்க? ஒருவாட்டி கொதிக்க வெச்சிரட்டுங்களா?"

"எதுக்கு? காத்தில்லாத பாத்திரம். இதுல ஒண்ணுங் கெடாது. உம் புருசன் சொன்னப்ப நீயுந்தான கேட்டுக்கிட்டிருந்த, இஞ்சினியரு?"

"இல்லீங்க, அவரு சொன்னது..."

"எனக்குச் சொல்லித் தர வர்றியா? குடு புள்ளைக்கி. அழுவுது பாரு."

கொடுத்தாள். நான் செபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனேன். மாதா வணக்க மாதம், தினமும் அஞ்சு மணிக்குச் செபம். திரும்பி வந்து என் நோட்டில் எழுதினேன். தினமும் நடப்பதை நேரம் போட்டு எழுதுவது என் வழக்கம் என்று உனக்குத் தெரியும். கோழி வைத்த முட்டை, சொன்ன செபமாலை, குழந்தை குடித்த சங்கு எல்லாம் அதில் இருக்கும். அந்தப் பக்கத்தை இந்தக் கடிதத்தோடு குத்தி அனுப்புகிறேன். என் கையெழுத்து உனக்குத் தெரியும். 'மாலை 4. ரீத்தா, இரண்டு சங்கு. காலைப் பால், பிளாஸ்க்கில் இருந்தபடியே. அமலி காய்ச்ச வேண்டும் என்றாள். வேண்டாம் என்றேன். விறகு மிச்சம்.' படித்தாயா? விறகு மிச்சம் என்று எழுதியிருக்கிறேன். இன்னொரு தடவை படி.

ராத்திரி எட்டு மணிக்கு முதல் வாந்தி. விடியும்போது கண் உள்ளே போய்விட்டது. தர்மபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். உனக்குத் தந்தி கொடுத்தோம். வெள்ளிக்கிழமை காலையில் நீ வந்து சேர்ந்தாய். மதியம் அவள் போய்விட்டாள். அதைப் பற்றி எழுத மாட்டேன், நீயும் அங்கே இருந்தாய். டாக்டர் கேட்டது மட்டும் எழுதுகிறேன். "பால் எங்க வெச்சிருந்தீங்க? காலைல காச்சினத சாயங்காலமா? மறுபடி காச்சாமலா? இந்த வெயில்லயா? யாரு குடுத்தது?"

"நாந்தானுங்க குடுத்தேன்" என்றாள் அமலி. வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டு, "காச்சலாம்னு சொன்னனுங்க, அத்தைதான்..." என்று ஆரம்பித்தாள். நீ கையை உதறினாய். "எங்கம்மாவயா சொல்ற? எம் புஸ்தகத்தயெல்லாம் எனக்கு முன்னாடி படிச்சவடி அவ!" பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நீயா காச்ச வேணாம்னு சொன்ன?" என்று கேட்டாய். அந்த ஒரு நிமிஷம் எனக்குக் கிடைத்தது. ஆண்டவர் கொடுத்த நிமிஷம். நான் சொன்னேன்: "நான் எதுக்குப்பா அப்பிடிச் சொல்றேன்? காச்சிட்டுக் குடுன்னு சொல்லிட்டுத்தான் கோயிலுக்குப் போனேன். சோம்பேறி, காச்சல போலிருக்குது." அமலி என்னைப் பார்த்தாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் வாயிலிருந்து அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பேசாமல் இருந்ததால் அவளே ஒத்துக்கொண்டாள் என்று நீ பெரியப்பாவிடம் சொன்னாய். கல்லறையில் அவளை மண் போட விடவில்லை. பதினாறாம் நாள் ஒரு டிரங்குப் பெட்டியோடு பென்னாகரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டாய். அவள் அழுததை நடிப்பு என்றாய். நான் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் போன மறுநாள் உன் பத்தாவது பௌதிகப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். படம் போட்டிருந்தது. இரண்டு சுவர், அந்த இரண்டுக்கும் நடுவில் வெற்றிடம், பால் இருக்கிற இடத்தில் சாதாரணக் காற்று. அரைப் பக்கம்கூட இல்லை, ஒரு சின்னப் பிள்ளைக்குப் புரிகிற அளவுக்கு எளிதாக இருந்தது. அதற்கு மேல் தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லாமல் போனது. அறியாமல் செய்தது பாலோடு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அறிந்து செய்தது.

உன்னையும் விடப் போவதில்லை. காற்றில்லாத இடத்தில் சூடு எங்கே தேங்கும், எங்கே கசியும், எத்தனை மணி நேரத்தில் எத்தனை டிகிரி இறங்கும் என்று வாரக்கணக்கில் கண் விழித்துக் குறித்து வைப்பது உன் வேலை. ஒரு தகரப் பெட்டிக்காக அதைச் செய்கிறாய். நீ வாங்கி வந்த பிளாஸ்க்கில் வைத்த பாலைக் குடித்து உன் பிள்ளை செத்தது என்று டாக்டர் சொன்னபோது, அந்தப் பாத்திரம் எப்படி வேலை செய்யும் என்று அங்கே இருந்தவர்களில் சரியாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். நீ ஒருவன். அமலி இன்னொருத்தி. தெரிந்தவள் காய்ச்சலாம் என்று கேட்டேன் என்கிறாள். தெரிந்த நீ, தெரியாதவளைப் பார்த்துக் கேட்டுவிட்டு, அவள் சொன்னதையே முடிவாக எடுத்துக்கொண்டாய். ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: அம்மா, பிளாஸ்க்கைப் பற்றி நீ என்ன நினைத்தாய், சொல்லு. கேட்டிருந்தால் நான் மாட்டியிருப்பேன். நீ கேட்கவில்லை, ஏனென்றால் பத்து வயதில் ஒரு தடவை கேட்டிருக்கிறாய். அந்தப் பயத்தை உனக்குக் கொடுத்தது நான்தான். ஆனால் முப்பது வயதிலும் அதை வைத்துக்கொண்டு, அதற்கு மரியாதை என்று பெயர் வைத்து, ஒரு பெண்ணை அதன்கீழே போட்டு மிதித்தது நீ.

இந்த ஒன்பது மாதமும் ஞாயிறு தவறாமல் பூசையில் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்கினேன். பாவசங்கீர்த்தனத்தில் அவரிடம், கோபப்பட்டேன், புறணி பேசினேன், செபத்தில் பராக்காக இருந்தேன் என்றெல்லாம் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அந்த அப்பத்துக்கு நாக்கை நீட்டினேன். அது எப்பேர்ப்பட்ட பாவம் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஞானோபதேசம் உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். ஒன்றும் நடக்கவில்லை. இடி விழவில்லை, படுக்கையில் விழவில்லை. என்னைப் பார்த்தவர்கள் பேத்தியை இழந்த பாட்டி என்று பரிதாபப்பட்டார்கள், நானும் அதை வாங்கிக்கொண்டேன். போன வாரம், தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதனன்று சாமியாரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், "ஆண்டவர் மன்னிப்பாரும்மா. ஆனா அந்தப் பொண்ணோட பேர ஆண்டவர் வந்து திருப்பிக் குடுக்க மாட்டாரு. எடுத்தவங்கதான் குடுக்கணும். அந்த ஞாயித்துக்கெழமைக்கு முன்னாடி குடுங்க" என்றார்.

நேற்று ஏரியூர் போனேன். அமலியின் அப்பா வாசலில் நின்று, "வாங்க சம்மந்தியம்மா" என்று பலகையை எடுத்துப் போட்டார். என்னமோ நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்ற முகம். அவர் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனார். அமலி முறத்தை முன்னால் வைத்து விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் நகம் தேய்ந்திருந்தது. எழுந்திருக்கவில்லை.

"திரும்பிப் போவ கடைசி பஸ்ஸு அஞ்சரைக்குங்க" என்றாள்.

"பேச வந்தேன், அமலி."

"பேசுங்க. கைதான் வேலையா இருக்குது, காது சும்மாத்தான் இருக்குது."

எல்லாவற்றையும் சொன்னேன். காற்று எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாததையும், ஆஸ்பத்திரியில் தெரிந்தே பொய் சொன்னதையும். அவள் ஒரு கடலையைக்கூட நிறுத்தாமல் உடைத்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும், "தெரியுமுங்க" என்றாள்.

"எது?"

"நீங்க தப்பாப் புரிஞ்சிக்கிட்டது. பிளாஸ்க்குல ஊத்தன மொத நாளே தெரியும். அன்னிக்கிச் சங்குல ஊத்தி மூக்குகிட்ட வெச்சுப் பாத்தேன். லேசா ஒரு வாடை. அதுக்கப்புறந்தான் உங்களக் கேட்டேன்."

"தெரிஞ்சுமா குடுத்த?"

"உங்களுக்குப் பயந்துக்கிட்டு. நீங்க அந்தப் பக்கம் போனதும் கொட்டிட்டு இருக்கலாம். விறகு எங்க போச்சுன்னு கேப்பீங்க, பால் எங்க போச்சுன்னு நோட்டுல எழுதுவீங்கன்னு பயம். எம் புள்ளையவிட உங்க நோட்டு பெருசாப் போச்சு எனக்கு." முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "டாக்டரு கேட்டப்ப நாந்தான் குடுத்தேன்னு சொன்னது பொய்யில்லீங்க அத்த. அதுக்கு எம் பொண்ணுகிட்ட தெனமும் மண்டி போட்டுத்தான் இருக்கறேன். அத நான் பாத்துக்கறேன். உங்க மவனுக்கு எதுக்குங்க நான் மண்டி போடணும்?"

"போட வேண்டாம். நான் சொல்றேன் அவன்கிட்ட."

"எங்கப்பன் வாக்குக் குடுத்திட்டாரு. தம்பிக்குப் பொண்ணு பாக்கோணும், வாழாவெட்டி வூட்ல இருந்தா யாரு குடுப்பா? நீங்க சொல்லுங்க, சொல்லாமப் போங்க. ஞாயித்துக்கெழமை வருவேன். போடச் சொன்னாப் போடுவேன். பெங்களூருக்கும் போவேன். சோறாக்கிப் போடுவேன், துணி தொவைப்பேன். ஆனா ஒண்ணு. மண்டி போட்டு எந்திரிச்சுட்டேன்னா, அதுக்கப்புறம் சாவற வரைக்கும் அவரு மொகத்தப் பாக்க மாட்டேன். அவரு வேணும்னா எதிர்ல வந்து நிக்கட்டும், நான் சுவத்தப் பாத்துக்கிட்டுச் சோறு போடுவேன்."

அவள் அப்பா தண்ணீர் கொண்டுவந்தார். குடித்தேன். அவள் என்னை வழியனுப்ப எழுந்து வரவில்லை. எழுந்து வந்திருந்தால்தான் எனக்குத் தாங்கியிருக்காது. பஸ் கிளம்பும்போது அந்த மனிதர் ஜன்னலுக்குக் கீழே நின்று, "எங்க புள்ள தப்பு பண்ணிருச்சுங்க, பெரிய மனசு பண்ணுங்க" என்று என்னிடம் கையெடுத்துக் கும்பிட்டார். அதற்கும் பதில் சொல்லாமல் வந்தேன். அந்தப் பதில்தான் அவருக்கு அனுப்புகிற பிரதி.

அந்தோணி, இதில் யாருக்கும் ஆறுதல் எழுத என்னிடம் ஒன்றுமில்லை. அவள் சொன்னதைச் செய்வாள். அவள் மண்டி போட்டால் உனக்குச் சமைக்க ஒரு ஆள் கிடைக்கும், மனைவி கிடைக்க மாட்டாள். போடாவிட்டாலும் உன்னோடு வருவாளா என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை, கேட்கிற யோக்கியதை எனக்கில்லை. நான் செய்யப் போவதை மட்டும் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வராந்தாவில் எல்லாரும் உட்கார்ந்ததும், உன் பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்திருப்பேன். இந்தக் கடிதத்தை முதலிலிருந்து கடைசி வரைக்கும், கரண்டி வைத்தது உட்பட, சத்தமாகப் படிப்பேன். படித்து முடித்து, அவளுக்காகப் போட்டு வைத்திருக்கிற இடத்தில் நான் மண்டி போடுவேன். உன் பெரியப்பா தடுப்பார், குடும்ப மானம் என்பார். அவர் பிரதி அவருக்கு வெள்ளிக்கிழமையே போய்ச் சேர்ந்துவிடும், கத்த வேண்டியதை வீட்டிலேயே கத்திவிட்டு வரட்டும்.

என் முழங்கால் இப்போது மடங்க மறுக்கிறது, போட்டால் தனியாக எழுந்திருக்க வராது. நீ பார்க்கப் பொறுக்காமல் ஓடி வருவாய். வராதே. முதலில் உன் கை என் தோளுக்கு வந்தால், ஆஸ்பத்திரியில் செய்ததையே இன்னொரு தடவை செய்கிறாய் என்று அர்த்தம். அமலி தூண் ஓரத்தில் நிற்பாள். அவளிடம் போ. மன்னிப்பு என்ற சொல்லை எடுக்காதே, கையைப் பிடிக்காதே, அழாதே. கல்லறைக்குக் கூட்டிப் போகிறேன், வருகிறாயா என்று மட்டும் கேள், அவள் கையால் போடாத மண் இன்னும் பாக்கி இருக்கிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டால், திருப்பிக்கொண்ட இடத்திலேயே நில். எத்தனை நாழிகை ஆனாலும் சரி. அதுவரைக்கும் நான் தரையில் இருந்துகொள்கிறேன். அப்படி நிற்க உன்னால் ஆகாது என்றால் இப்போதே தந்தி கொடு, நீ அந்த ரயில் ஏற வேண்டாம், நாங்கள் இரண்டு பெண்களும் கல்லறைக்குப் போய்க்கொள்கிறோம்.

அம்மா